ராணுவச் செலவு ஏழை நாட்டை வளர்க்குமா, தேய்க்குமா? கணக்குப் போட்டுப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

மதுரையில் எய்ம்ஸ் பேச்சு எழுந்தால் அடுத்த நிமிடம் ரஃபேல் வந்து நிற்கும். தோப்பூரில் 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டிய மருத்துவமனைக்குத் திருத்திய மதிப்பீடு சுமார் 1,978 கோடி ரூபாய். 36 ரஃபேல் விமானங்களுக்கு 2016-ல் பிரான்சோடு போட்ட ஒப்பந்தம் 787 கோடி யூரோ, அன்றைய மதிப்பில் சுமார் 59,000 கோடி ரூபாய். வகுத்தால் விமானம் ஒன்றுக்கு 1,600 கோடிக்கு மேல் வரும். ‘ஒண்ணேகால் விமானத்தைக் குறைச்சிருந்தா ஆஸ்பத்திரி வந்திருக்கும்’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

வகுத்தல் சரிதான். அதிலிருந்து எடுக்கிற முடிவுதான் நிற்காது. எய்ம்ஸ் பணத்தில் பெரும்பகுதி ஜப்பான் அரசின் உதவி அமைப்பான ஜைக்காவின் கடனாக வருவது. தாமதத்துக்கு அரசு சொன்ன காரணமும் அந்தக் கடன் நடைமுறைதான். விமானம் வாங்காமல் விட்டிருந்தால் அந்த ரூபாய் தோப்பூருக்குத்தான் வந்திருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. உர மானியத்துக்குப் போயிருக்கலாம், பழைய கடன் வட்டிக்குப் போயிருக்கலாம், கடன் வாங்காமலே விட்டிருக்கலாம்.

எதிர்ப்பக்கம் பேசுகிறவர்களும் இதே அவசரத்தில்தான் இருக்கிறார்கள். ‘ராணுவத்தில் போடும் பணம் நாட்டுக்குள்தானே சுற்றுகிறது, வேலை வருகிறதே’ என்பார்கள். அதுவும் பாதிதான். மொத்தத் தொகையை மட்டும் பார்த்து நல்லது, கெட்டது என்று சொல்ல முடியாது. எந்த ரூபாய், எங்கிருந்து வந்தது, யார் கைக்குப் போனது, எதற்குப் பதிலாகப் போனது என்று ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். எம்.ஏ. ப்ராஜெக்டுக்கு எழுதுகிறவர்கள், போட்டித் தேர்வுக் கட்டுரைக்குத் தயாராகிறவர்கள், சும்மா தெரிந்துகொள்ள நினைப்பவர்கள் எல்லோருக்கும் வரிசை ஒன்றுதான்.

முதல் படி: எது ராணுவச் செலவு என்று முடிவு செய்யுங்கள்

மத்திய பட்ஜெட்டில் பாதுகாப்பு அமைச்சகத்துக்கு நான்கு மானியக் கோரிக்கைகள் (நாடாளுமன்றத்தின் ஒப்புதலுக்கு வைக்கும் செலவுப் பட்டியல்கள்) உண்டு. 2025-26 ஆவணங்களில் அவை 19 முதல் 22 வரை: அமைச்சகத்தின் சிவில் செலவு, முப்படைகளின் வருவாய்ச் செலவு, மூலதனச் செலவு, ஓய்வூதியம். நான்கையும் கூட்டினால் 6.81 லட்சம் கோடி ரூபாய். இதில் ஓய்வூதியம் மட்டும் சுமார் 1.61 லட்சம் கோடி. அதைக் கழித்துவிட்டு எழுதுகிறவர்களும் உண்டு, சேர்த்து எழுதுகிறவர்களும் உண்டு. செய்தித்தாள்களில் எண்கள் ஒன்றுக்கொன்று முட்டிக்கொள்வது பெரும்பாலும் இதனால்தான்.

அப்புறம் சிஆர்பிஎஃப், பிஎஸ்எஃப் போன்ற துணை ராணுவப் படைகள். இவை உள்துறை அமைச்சகத்தின் கணக்கில் வருகின்றன. ஸ்டாக்ஹோமில் இருக்கும் சிப்ரி ஆய்வு நிறுவனம் ஓய்வூதியத்தையும், ராணுவப் பயிற்சி பெற்ற துணைப்படைகளின் செலவையும் சேர்த்தே கணக்கிடுகிறது. அதன்படி 2024-ல் இந்தியாவின் செலவு சுமார் 8,610 கோடி டாலர், உலகில் ஐந்தாவது இடம். பல நாடுகளை ஒப்பிடப் போகிறீர்கள் என்றால் சிப்ரி எண்ணையே எடுங்கள். இந்தியாவுக்குள் மட்டும் பார்க்கிறீர்கள் என்றால் பட்ஜெட் எண் போதும். ஒரே அட்டவணையில் இரண்டையும் கலக்காதீர்கள்.

இரண்டாவது படி: சுமையை இரண்டு விதமாக அளங்கள்

ஜிடிபியில் (நாட்டின் ஒரு வருட மொத்த உற்பத்தி மதிப்பில்) எத்தனை சதவீதம், அரசின் செலவில் எத்தனை சதவீதம் என்று இரண்டையும் எடுக்க வேண்டும். 2025-26 பட்ஜெட் ஜிடிபியைச் சுமார் 357 லட்சம் கோடி என்று வைத்தது. மொத்தச் செலவு 50.65 லட்சம் கோடி. ஆக ராணுவம் ஜிடிபியில் 1.9 சதவீதம், மத்திய அரசின் செலவில் 13.45 சதவீதம். முதல் எண்ணைப் பார்த்தால் ‘இவ்வளவுதானா’ என்று தோன்றும், இரண்டாவதைப் பார்த்தால் ‘இவ்வளவா’ என்று தோன்றும். எந்தக் கட்சி எந்த எண்ணைச் சொல்கிறது என்று கவனித்துப் பாருங்கள், பொழுது போகும்.

இந்த இரட்டை அளவு ஏன் தேவை என்பதற்கு இலங்கையைவிட நல்ல உதாரணம் இல்லை. 2021-ல் அந்த நாட்டின் ராணுவச் செலவு ஜிடிபியில் 2 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. ஆனால் 2019 இறுதியில் வரிகளை வெட்டியபின் அரசின் வருமானமே ஜிடிபியில் சுமார் 8 சதவீதமாகச் சுருங்கிவிட்டது. அரசுக்கு வருகிற நாலு ரூபாயில் ஏறக்குறைய ஒரு ரூபாய் படைக்கு. வரி வசூல் மெலிந்த நாட்டில் ஜிடிபி சதவீதம் ஆளை ஏமாற்றிவிடும். 2022 ஏப்ரலில் அந்த நாடு வெளிக்கடனைத் திருப்பிக் கட்ட முடியாது என்று அறிவித்ததற்கு ராணுவம்தான் காரணம் என்று எழுதினால் தப்பு. வரிக்குறைப்பு, சுற்றுலா நின்றுபோனது, டாலர் கடன், இயற்கை உரம் மட்டும் என்ற திடீர் உத்தரவு என்று காரணங்கள் பல. ஆனால் போர் முடிந்து 13 வருடமாகியும் 2 லட்சம் பேர் கொண்ட தரைப்படையை வைத்திருந்ததால் வெட்டுவதற்கு இடம் குறைந்துபோனது. 2023 ஜனவரியில்தான் அதை 2030-க்குள் 1 லட்சமாகக் குறைப்பதாக அறிவித்தார்கள்.

மூன்றாவது படி: ஒரு ரூபாயைப் பிரித்துப் பாருங்கள்

இங்கேதான் நிறைய நேரம் செலவழிக்க வேண்டும். பலர் இந்தப் படியைத் தாண்டி நேரே சமன்பாட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

2025-26 பாதுகாப்பு பட்ஜெட்டில் 100 ரூபாய் இருந்தால் சுமார் 46 ரூபாய் முப்படைகளின் சம்பளம், எரிபொருள், பராமரிப்பு போன்ற வருவாய்ச் செலவு. சுமார் 26 ரூபாய் மூலதனம்: விமானம், கப்பல், பீரங்கி, கட்டடம். சுமார் 24 ரூபாய் ஓய்வூதியம். மிச்சம் சிவில் செலவு. இந்த நான்கும் பொருளாதாரத்தில் நான்கு விதமாக வேலை செய்கின்றன.

ஓய்வூதியத்தை எடுப்போம். உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்துக் கிராமங்களில் பட்டாளத்துக்காரர் வீட்டை விசாரித்தால் வழி சொல்லிவிடுவார்கள். மாதம் பிறந்தால் பென்ஷன் வங்கிக் கணக்கில் ஏறும். அது எங்கே போகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் வீட்டுக்கு மாடி எடுப்பது, போர்வெல், பிள்ளையின் கல்லூரிக் கட்டணம், நகைக்கடன் திருப்புவது, அப்புறம் மொய். உசிலம்பட்டிப் பக்கம் மொய் என்பது சின்னச் செலவு இல்லை. ஊருக்குள் வட்டியில்லாக் கடனாகச் சுற்றுகிற பணம் அது. ஒருவர் செய்த மொய் இன்னொருவருக்குக் கடை வைக்க முதலாகும். மழை பொய்த்த வருடத்திலும் இந்தப் பணம் தவறாமல் வருகிறது. மானாவாரி நிலம் மிகுந்த பகுதிக்கு அது பெரிய விஷயம். கொத்தனாருக்கும் பெட்டிக்கடைக்கும் வருமானம் நிற்பதில்லை.

பொருளாதாரத்தில் இதற்குத் தேவை வழி விளைவு என்று பெயர். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. இதே பணத்தை நூறு நாள் வேலைக்கோ முதியோர் பென்ஷனுக்கோ கொடுத்திருந்தாலும் இதே கொத்தனாருக்கும் கடைக்கும்தான் போயிருக்கும். அதாவது இது ராணுவத்தின் விளைவு இல்லை, கிராமத்துக்குப் பணம் வந்ததன் விளைவு. இந்தக் கோட்டைப் பிடித்துவிட்டால் ‘வேலை வருகிறதே’ என்ற வாதத்தின் பாதி தானாக அவிழ்ந்துவிடும்.

2022 ஜூனில் வந்த அக்னிபத் திட்டம் இந்தப் பணத்தின் வடிவத்தையே மாற்றுகிறது. நான்கு வருடச் சேவை, அதிகபட்சம் நாலில் ஒருவருக்குத்தான் தொடர்ந்து வேலை. மற்றவர்களுக்குச் சுமார் 11.71 லட்சம் ரூபாய் மொத்தமாகக் கையில், பென்ஷன் கிடையாது. அரசுக்கு நீண்ட காலத்தில் சுமை குறையும். உசிலம்பட்டிக்கு வருவது மாதாமாதம் சொட்டுகிற பணமாக இல்லாமல் ஒரே தடவை கொட்டுகிற பணமாகும். அது தொழிலுக்கு முதலாகுமா, மனை வாங்கி முடங்குமா என்பது ப்ராஜெக்டுக்கு அருமையான தலைப்பு. யாராவது எடுத்துச் செய்யுங்கள்.

சம்பளத்துக்கு ஒரு கணக்கியல் விசித்திரம் உண்டு. அரசு சேவைகளுக்குச் சந்தை விலை இல்லாததால், அவற்றுக்கு ஆகும் செலவையே உற்பத்தி என்று ஜிடிபியில் எழுதுகிறார்கள். சிப்பாயின் சம்பளம் ஜிடிபிக்குள் வரும். ராணுவச் செலவு ஏறினால் அதே வருடம் ஜிடிபியும் ஏறியதாகத் தெரிவதில் ஒரு பங்கு இந்த எழுத்து வேலைதான். அதை வளர்ச்சி என்று கொண்டாடிவிடாதீர்கள்.

மூலதனச் செலவில் கேள்வி வேறு: பொருள் எங்கே தயாராகிறது? வெளிநாட்டு விமானம் வாங்கினால் பணம் டாலராகவோ யூரோவாகவோ வெளியே போய்விடும். உள்நாட்டில் தேவையும் ஏறாது, வேலையும் பெருகாது. அந்நியச் செலாவணிதான் குறையும். 2020-24 காலத்தில் உலக ஆயுத இறக்குமதியில் இந்தியாவின் பங்கு 8.3 சதவீதம், உக்ரைனுக்கு அடுத்த இடம். உள்நாட்டில் செய்தாலும் முழுக் கதை முடியாது. தேஜஸ் போர் விமானம் நம் தயாரிப்பு. என்ஜின் அமெரிக்காவின் ஜிஇ நிறுவனத்துடையது. அது வரத் தாமதமானதால் தேஜஸ் மார்க் 1ஏ ஒப்படைப்பும் தாமதமானது. ‘உள்நாட்டுக் கொள்முதல்’ என்ற வரியைப் பார்த்தால் அதற்குள் இறக்குமதி எவ்வளவு என்று தோண்டத்தான் வேண்டும்.

தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சென்னை, கோயம்புத்தூர், ஓசூர், சேலம், திருச்சி என்று ஐந்து முனைகள். மதுரை இல்லை. இதில் மதுரைக்காரர்களுக்கு வருத்தம் இருப்பது நியாயம். ஆனாலும் கப்பலூர் தொழிற்பேட்டையில் ரப்பர் உதிரிபாகம் செய்கிற பட்டறை ஒன்றுக்கு ஆவடி டாங்கித் தொழிற்சாலைக்கான ஆர்டர் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெயையும் வெயிலையும் தாங்குகிற தரம், சோதனைச் சான்று, ஒவ்வொரு லாட்டுக்கும் பதிவேடு என்று புதிதாகக் கற்க வேண்டியிருக்கும். கற்றுக்கொண்ட தரத்தை வைத்து நாளைக்கு லாரி கம்பெனிக்கும் சரக்குக் கொடுக்கலாம். ராணுவத்துக்கே உரிய வளர்ச்சி விளைவு என்றால் இதுதான்: செலவு நின்றபின்னும் கைத்திறமை தங்கிவிடுவது. உங்கள் ஆய்வில் இப்படித் தங்குகிற திறமை எவ்வளவு என்று காட்ட முடிந்தால் அது கனமான ஆய்வு. திருச்சியில் 1966-லிருந்து துப்பாக்கித் தொழிற்சாலை இயங்குகிறது. அங்கிருந்து வெளியே வந்த டர்னர்கள், ஃபிட்டர்கள் எத்தனை பேர் சொந்தப் பட்டறை வைத்தார்கள் என்று விசாரித்தாலே ஒரு அத்தியாயம் தேறும்.

நான்காவது படி: பணம் எங்கிருந்து வந்தது

வரி, கடன், நோட்டு அச்சடிப்பு, வெளிநாட்டு உதவி. முக்கிய வழிகள் இந்த நான்கு. 2025-26-ல் மத்திய அரசின் நிதிப்பற்றாக்குறை (வரவுக்கு மேல் செலவாவதால் கடன் வாங்க வேண்டிய தொகை) 15.69 லட்சம் கோடி, மொத்தச் செலவில் சுமார் 31 சதவீதம். கடன் வாங்கிச் செலவழித்தால் வங்கிகளில் இருக்கும் சேமிப்பை அரசு இழுத்துக்கொள்கிறது, தனியாருக்கு வட்டி ஏறலாம். அச்சடித்தால் விலைவாசி ஏறும். வெளிநாட்டு உதவி என்றால் அந்த ரூபாய்க்கு உள்நாட்டில் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. ஆறாவது படியில் இது கைகொடுக்கும்.

ஐந்தாவது படி: எதற்குப் பதிலாக?

ஒரு சின்னக் கணக்கு. ஒரு நாட்டில் வருடத்துக்கு 1 ரூபாய் கூடுதல் உற்பத்தி வர 5 ரூபாய் முதலீடு தேவை என்று வைப்போம். ராணுவச் செலவு ஜிடிபியில் 1 சதவீதம் கூடுகிறது. அது முழுக்கச் சாலை, பாசனம், ஆலை முதலீட்டிலிருந்து வெட்டப்பட்டால் வளர்ச்சி வேகம் 0.2 சதவீதப் புள்ளி குறையும். மூன்றில் ஒரு பங்குதான் முதலீட்டிலிருந்து வந்தது, மற்றது நுகர்விலிருந்து வந்தது என்றால் 0.07-க்கும் கீழே. கேட்கச் சிறிதாக இருக்கும். இருபது வருடம் சேர்ந்தால் சிறிதில்லை. ஆனால் ‘ராணுவத்தால் நாடு பாழ்’ என்று முழங்குகிற அளவும் இல்லை.

பட்ஜெட்டில் இன்னொரு கண்ணி இருக்கிறது. 2025-26-ல் மத்திய அரசின் மூலதனச் செலவு 11.21 லட்சம் கோடி என்று பெருமையாகச் சொன்னார்கள். அதில் சுமார் 1.80 லட்சம் கோடி ராணுவ மூலதனம். ரயில் பாதையும் மூலதனம், டாங்கியும் மூலதனம். ஐ.நா.வின் 2008-ம் ஆண்டுத் தேசியக் கணக்கு முறையும் ஆயுதத் தளவாடங்களை நிலையான சொத்தாகவே சேர்க்கச் சொல்கிறது. ரயில் பாதை நாளைக்கு மேலூர் நெல் மூட்டைகளை ஏற்றிப் போகும், டாங்கி போகாது. உற்பத்திக்கான முதலீடு என்று எழுதும்போது இதைக் கழித்துவிட்டு எழுதுங்கள்.

ஆறாவது படி: எது காரணம், எது விளைவு

1973-ல் எமில் பெனுவா என்ற பொருளாதார அறிஞர் 1950 முதல் 1965 வரையிலான தரவை வைத்து 44 வளரும் நாடுகளை ஆராய்ந்தார். ராணுவச் சுமை அதிகமுள்ள நாடுகள் வேகமாக வளர்ந்திருந்தன. எல்லோரும் எதிர்பார்த்ததற்கு நேர்மாறு. பயிற்சி, ஒழுங்கு, சாலை, தொழில்நுட்பம் எல்லாம் ராணுவத்திலிருந்து மக்கள் வாழ்வுக்குக் கசிகிறது என்றார்.

பிறகு வந்தவர்கள் பிடித்த ஓட்டை இரண்டு. வேகமாக வளர்கிற நாட்டுக்கு ராணுவத்தில் போடப் பணமும் இருக்கும், எனவே அம்பு எதிர்த்திசையிலும் பாயலாம். இரண்டாவது, சுமை அதிகமிருந்த நாடுகள் சில வெளிநாட்டு உதவியையும் அள்ளிக் குவித்தவை. 1983-ல் சாதத் தேகர், ரான் ஸ்மித் இருவரும் சேமிப்பு, வளர்ச்சி, ராணுவச் சுமை மூன்றையும் ஒரே நேரத்தில் தீர்க்கிற சமன்பாடுகளை அமைத்தார்கள். நேரடியாகக் கொஞ்சம் நன்மை தெரிந்தது. சேமிப்பு குறைவதால் வருகிற தீமை அதை விழுங்கிவிட்டது. 2013-ல் பால் டன் (Paul Dunne), நான் டியான் (Nan Tian) என்ற ஆய்வாளர்கள் இருவரும் சுமார் 170 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். பனிப்போருக்குப் பிந்தைய தரவு சேரச் சேர, தீமை என்ற பக்கமே கனக்கிறது என்பது அவர்கள் முடிவு.

என் கருத்தும் அந்தப் பக்கம்தான். எல்லைக்கு ஆபத்து இருக்கிறது, அதனால் செலவழிக்கிறோம் என்று ஒரு நாடு சொன்னால் அது பேச வேண்டிய வாதம். வளர்ச்சிக்காகச் செலவழிக்கிறோம் என்று சொன்னால் அதே வளர்ச்சியை மலிவாக வாங்க வேறு வழிகள் இருக்கின்றன.

‘தென் கொரியா வளரவில்லையா’ என்று நிச்சயம் யாராவது கேட்பார்கள். வளர்ந்தது. ஆனால் அங்கே அமெரிக்க ராணுவ உதவி கொட்டியது. 1964 முதல் 1973 வரை வியட்நாமுக்குப் படை அனுப்பியதற்கு டாலராகவே வருமானம் வந்தது. அதற்கு முன்பே நிலச்சீர்திருத்தம் முடிந்து, பள்ளிக்கூடம் ஊரெல்லாம் பரவியிருந்தது. இவற்றையெல்லாம் விட்டுவிட்டு ராணுவத்தை மட்டும் எடுத்துக் காட்டுவது கணக்கு ஆகாது. அதேபோல 1948-ல் ராணுவத்தையே கலைத்த கோஸ்டாரிகாவைக் காட்டி ‘பார்த்தீர்களா’ என்பதும் ஆகாது. ஆபத்து வந்தால் கூட்டு நாடுகள் துணைக்கு வரும் என்ற ஒப்பந்தம் அதற்கு இருந்தது. நமக்குப் பாகிஸ்தான், சீனா எல்லைகள் இருக்கின்றன.

ஏழாவது படி: காலத்தைத் தள்ளிப் பாருங்கள், கலப்படத்தைப் பிரியுங்கள்

1962 சீனப் போருக்கு முன் இந்தியாவின் ராணுவச் செலவு தேசிய வருமானத்தில் சுமார் 2 சதவீதம். ஓரிரு வருடத்தில் அது சுமார் 4 சதவீதத்தை நெருங்கியது. மூன்றாவது ஐந்தாண்டுத் திட்டத்தின் வளர்ச்சி இலக்கு 5.6 சதவீதம், கிடைத்தது 3-க்கும் கீழே. 1966 ஜூனில் ரூபாய் மதிப்பு டாலருக்கு 4.76-லிருந்து 7.50 ஆகச் சரிந்தது. நான்காவது திட்டம் 1969 வரை தள்ளிப்போனது. அரிசித் தட்டுப்பாடு இங்கே எந்த அளவுக்குப் போனதென்றால், 1967 தேர்தலில் ரூபாய்க்குப் படி அரிசி என்ற வாக்குறுதி ஆட்சியையே மாற்ற உதவியது.

எல்லாம் ராணுவச் செலவால் வந்த வினை என்று எழுதக் கை துறுதுறுக்கும். நிறுத்துங்கள். 1965-ல் பாகிஸ்தானோடு போர், அதையொட்டி அமெரிக்க உதவி நின்றது, 1965-லும் 1966-லும் அடுத்தடுத்து வறட்சி. இவற்றைப் பிரிக்காமல் ராணுவத்துக்கு எவ்வளவு பங்கு என்று சொல்லவே முடியாது. பங்கு இருந்தது, அது முழுக் காரணம் இல்லை என்பதுவரைதான் சொல்லலாம்.

போரையும் ராணுவச் செலவையும் ஒன்றாகக் குழப்பாமல் இருப்பதும் முக்கியம். ஆனையூர், திருவாதவூர் முகாம்களில் இருக்கிற இலங்கைத் தமிழர் குடும்பங்கள் இழந்த வயல், படகு, கடை, பள்ளிப்படிப்பு எதுவும் கொழும்பு பட்ஜெட்டின் பாதுகாப்பு வரியில் இல்லை. 1983 முதல் 2009 வரை வடக்கிலும் கிழக்கிலும் அழிந்தது போரின் விலை. துப்பாக்கி வாங்கிய ரூபாய் தனி. முன்னதை அளக்க வேறு தரவு வேண்டும்: மின் இணைப்பு, மீன்பிடி அளவு, சாகுபடிப் பரப்பு.

எட்டாவது படி: எக்செலைத் திறங்கள்

நத்தம் சாலை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலோ வீட்டிலோ உட்கார்ந்து செய்துவிடலாம். உலக வங்கித் தரவுத் தளத்தில் இந்தியாவுக்கு 1960 முதல் ராணுவச் செலவு ஜிடிபியில் எத்தனை சதவீதம் என்ற தொடர் இருக்கிறது. அதன் மூலமே சிப்ரிதான். பக்கத்துப் பத்திகளில் உண்மை வளர்ச்சி விகிதம் (விலையேற்றத்தைக் கழித்தது), முதலீட்டு விகிதம், இறக்குமதி விகிதம் சேருங்கள். ரூபாய்த் தொகையை நேரடியாகப் போடாதீர்கள். காலத்தோடு ஏறிக்கொண்டே போகிற எந்த இரண்டு தொடரும் உறவு இருப்பதுபோலத்தான் காட்டும்.

அடுத்து, போர் வருடங்களுக்கு (1962, 1965, 1971, 1999) ஒரு பத்தி, வறட்சிக்கு (1965, 1966, 1972, 1979, 1987) ஒரு பத்தி, எண்ணெய் விலை எகிறிய 1973, 1979, 1990-க்கு ஒரு பத்தி என்று 1, 0 போட்டுக் குறியுங்கள். ராணுவச் சுமையை ஒரு வருடம், இரண்டு வருடம், ஐந்து வருடம் தள்ளி வளர்ச்சியோடு பொருத்திப் பாருங்கள். தேவை வழி விளைவு உடனே தெரியும். முதலீடு குறைந்ததன் விளைவு தாமதமாகத்தான் தலைகாட்டும். முதலில் வரைபடம், அப்புறம்தான் சமன்பாடு. கிரேஞ்சர் சோதனை போட்டால் எது முன்னால் வருகிறது என்று மட்டும்தான் சொல்லும். முன்னால் வந்ததெல்லாம் காரணம் என்று எழுதிவிட்டால் வைவாவில் மாட்டிக்கொள்வீர்கள்.

கடைசியாக, எந்த எண்ணைப் போடுகிறீர்கள் என்பது. பிப்ரவரி 1 அன்று வருவது பட்ஜெட் மதிப்பீடு. அடுத்த பட்ஜெட்டில் அதுவே திருத்திய மதிப்பீடாக மாறும், அதற்கும் அடுத்ததில்தான் உண்மையில் செலவான தொகை வரும். மூலதனப் பத்தியில் இந்த மூன்றும் விலகி நிற்பது சகஜம், ஏனென்றால் கொள்முதல் இழுத்துக்கொண்டே போகும். பட்ஜெட் ஆவணத்திலிருந்து எண் எடுப்பவர்கள் உண்மைச் செலவு வந்த வருடத்தோடு அட்டவணையை நிறுத்திவிடுங்கள். அதற்குப் பிந்தைய இரண்டு வருடங்களையும் ‘மதிப்பீடு’ என்று தனியாகக் கோடு போட்டுக் காட்டினால் போதும்.